அடுப்படிச் சுவருக்கு டைல்ஸ்: முதலில் பின்பக்க மண்மேட்டைப் பாருங்கள்

கேள்வி: ஏழு பேர்ச் காணியில் புது வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம். அடுப்படி பத்தடிக்கு எட்டடி. காஸ் அடுப்போடு, மாமியாருக்காக விறகடுப்பும் வைத்திருக்கிறோம். பின்சுவரில் கறுப்புப் புள்ளியாகப் பூத்துக் கிடக்கிறது. நாலு சுவருக்கும் கூரை வரை டைல்ஸ் ஒட்டினால் எல்லாம் மறைந்துவிடும் என்கிறார் மேசன் பாஸ். கையில் இருப்பது சீட்டுக் காசு மட்டும். எவ்வளவு உயரத்துக்கு ஒட்டலாம், என்ன நிறம் நல்லது?
– வாசகி, தலவாக்கலை

பதில்:

அன்புத் தங்கச்சி, பாஸ் சொன்ன அந்த "மறைந்துவிடும்" என்ற சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் பக்கத்தில் மேட்டை வெட்டித்தான் வீடு எழுப்புகிறோம். முன்பக்கம் பள்ளம், பின்பக்கம் மண்மேடு, அந்த மேட்டை ஒட்டி அடுப்படி. மே மாதம் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை அந்த மண்ணை ஊறப்போடுகிறது. அந்த ஈரம் சுவருக்குள் இறங்கினால், டைல்ஸ் அதை மூடி வைக்குமே தவிர காயவைக்காது.

அதனால் கடைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பொலித்தீன் துண்டை, புள்ளி பூத்த இடத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உள்பக்கம், சுவரைத் தொடுகிற பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது சோற்றுப் பானையின் ஆவி. குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. ஆவி என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கூரையோரம் காற்றுத் துளை விடுங்கள், பாதி குறையும். மண் ஈரம் என்றால் சீட்டுக் காசில் முதல் பங்கு கானுக்குத்தான். சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மண்ணை அள்ளி, வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக ஒரு கான் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

சுவர் காய்ந்த பிறகு டைல்ஸ். நாலு சுவரும் வேண்டவே வேண்டாம். சிங்க்கும் காஸ் அடுப்பும் இருக்கிற அந்தப் பத்தடிச் சுவரில், மேடைக்கு மேல் இரண்டடி உயரம் போதும். மொத்தம் 20 சதுர அடி. 12க்கு 24 அங்குல டைல் ஒன்று 2 சதுர அடி, ஆக 10 டைல்ஸ். உடைவதற்கும் பிளக் பொயின்டுக்கு வெட்டுவதற்கும் சேர்த்து 12 வாங்குங்கள். பெட்டிகளில் ஒரே லொட் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் மாறும். விறகடுப்புக்குப் பின்னால் மட்டும் ஆள் உயரம் ஏற்றுங்கள், அதற்கு வேண்டிய டைல்ஸ் தனிக்கணக்கு. ஆனால் நெருப்பு நேரே படுகிற இடத்தில் ஒட்டாதீர்கள், சூட்டில் வெடிக்கும். அங்கே செங்கல்லும் மண் பூச்சும்தான் சரி. மாமியார் மெழுகுகிறபடியே இருக்கட்டும்.

நிறம் கேட்டீர்கள். பனிமூட்டத்தில் அடுப்படிக்கு வெளிச்சம் குறைவு, அதனால் பளபளப்பான இளநிறம் நல்லது. தூய வெள்ளை வேண்டாம், மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, எரிகிற வீட்டில் கரி தெரியும். தந்த நிறம் எடுங்கள். சொரசொரப்பான டைல்ஸ் கண்ணுக்கு அழகு, ஆனால் எண்ணெயும் புகையும் சேர்ந்து பிசுக்காக அதில் உட்கார்ந்தால் தேய்த்துத் தேய்த்துக் கைதான் நோகும். இடுக்கில் பூசும் கிரவுட் சாம்பல் நிறமாக இருக்கட்டும். வெள்ளை கிரவுட்டில் மஞ்சள் கறை பிடித்தால் போகாது. மேடையும் டைல்ஸும் சேர்கிற மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம், சிலிக்கன் இழுக்கச் சொல்லுங்கள்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். பெயின்ட் அடித்த சுவரைக் கொத்தாமல், ஒவ்வொரு டைலுக்கும் பின்னால் ஐந்து உருண்டை சீமெந்து வைத்து ஒட்டினார்கள். இரண்டாவது மழைக்கு, நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று கழன்று தோசைக்கல்லில் விழுந்தது. பிறகு எல்லாவற்றையும் விரலால் தட்டிப் பார்த்தேன், பாதிக்குமேல் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். உங்கள் பாஸ் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பெயின்டைக் கொத்திவிட்டு, பின்பக்கம் முழுவதும் பசை பரப்பி ஒட்டட்டும். மறுநாள் தட்டிப் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.

மற்றச் சுவர்களுக்குப் பெயின்ட் போதும். அதற்கு முன் கறுப்புப் பூஞ்சணத்தைத் தண்ணீர் கலந்த பிளீச்சால் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். டொய்லட் கழுவும் திரவத்தை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். பெயின்ட் வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பக்கம் வெயில் பிடிக்கிற காலம் அது.

மிஞ்சுகிற டைலில் ஒன்றைச் சாமி விளக்குக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள், சுவரில் புகைக்கரி ஏறாது. இன்னொன்றைக் கட்டிலுக்குக் கீழே பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைப்பது கஷ்டம்.