எடையும் சீட்டும் – ஒரு கடிதம்

வணக்கம்.

ரேஸ் மைதானத்தின் பக்கமே நான் போனதில்லை. பணம் கட்டி ஆடுவது எனக்கு அறவே பிடிக்காது. ஆனால் குதிரைப் பந்தயத்தை வைத்து எழுதிய சிறுகதை கையில் கிடைத்தால் முடிக்காமல் வைக்க முடிவதில்லை. யார் ஜெயிப்பார்கள் என்ற பரபரப்பு மட்டும்தானா? அப்படியென்றால் தெரிந்த கதையை மறுபடி ஏன் படிக்கிறேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

1200 மீட்டர் ரேஸ் சுமார் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். அதை மட்டும் எழுதினால் அரைப் பக்கம்கூடத் தேறாது. இந்தக் கதைகளில் என்னை இழுப்பது ஓட்டம் அல்ல, எடை.

ஹேண்டிகேப் ரேஸில், எல்லாக் குதிரைக்கும் வாய்ப்பு சமமாக இருக்கட்டும் என்று, நன்றாக ஓடுகிற குதிரைக்குச் சுமையை ஏற்றுவார்கள். குதிரையை ஓட்டும் ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு சேரும். நன்றாக ஓடியதற்குப் பரிசு ஈயம்! அப்புறம் ஜாக்கியின் உடம்பு. ஹெமிங்வேயின் 'மை ஓல்டு மேன்' (1923) கதையில் பருமனாகிற வாகுள்ள ஒரு ஜாக்கி, ரப்பர் சட்டைக்கு மேல் இன்னொரு பெரிய சட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுகிறார், கயிறு தாண்டுகிறார். வியர்வையாகத்தான் எடையை இறக்கியாக வேண்டும். இதைச் சொல்வது கூடவே ஓடும் மகன். அந்தக் கதையின் பந்தயங்கள் எனக்குப் பாதி மறந்துவிட்டன, கயிறு மறக்கவில்லை.

ரேஸ் முடிந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. முதலில் வந்த ஜாக்கி சேணத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் ஏற வேண்டும். சுமக்க வேண்டிய எடையைவிடக் குறைந்தால் வெற்றி கையை விட்டுப் போகலாம். அறிவிப்பு வரும்வரை பணம் கட்டியவர் பந்தயச் சீட்டைக் கிழிக்கவும் முடியாது, கொண்டாடவும் முடியாது. அந்தச் சில நிமிடங்கள் சிறுகதைக்கென்றே அளந்து வைத்ததுபோல இருக்கின்றன. நாவல் என்றால் அதற்குள் அடுத்த ரேஸைத் தொடங்கிவிடுவார்கள். மறுபடி படிக்கும்போது முடிவு நமக்குத் தெரியும், சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குத் தெரியாதே.

மைதானத்துக்குப் போகாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் 1892இல் 'சில்வர் பிளேஸ்' என்ற பந்தயக் குதிரைக் கதையை எழுதியபோது, விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் பத்திரிகையில் பிய்த்துப் போட்டார்: கதையில் உள்ளபடி நடந்திருந்தால் பாதிப் பேர் சிறையில் இருப்பார்கள், மீதிப் பேர் பந்தயப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று. டாயிலே பின்னால் தன் நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லி, தனக்கு ரேஸ் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். கதையைத் திருத்தவில்லை.