பாம்பு அஞ்சல்

கேள்வி: முகநூல், கட்செவி அஞ்சல் முதலிய சமூக ஊடகங்களின் தோற்றம், நன்மைகள், தீமைகள் ஆகியவற்றை விளக்குக.
– பெயர் வெளியிட வேண்டாம், மன்னார்குடி

பதில்: இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் ‘விளக்குவீர்களா?’ என்று கேட்பார்கள். என் மேல் கோபமாக இருப்பவர்கள் ‘விளக்குவீரா?’ என்பார்கள். ‘விளக்குக’ என்பது வினாத்தாள் பாஷை. அதுவும் பத்து மதிப்பெண் வினா. வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது, திங்கட்கிழமை கட்டுரை நோட்டு வைத்தாக வேண்டும், சரிதானே? பெயரை ஏன் மறைத்தீர்கள் என்பதும் புரிந்துவிட்டது.

நன்மை தீமைக் கட்டுரைகள் மேல் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆத்திரம் உண்டு. முன்னுரை, ஐந்து நன்மை, ஐந்து தீமை, முடிவுரையில் ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’. சினிமாவுக்கு எழுதியதில் சினிமாவை அடித்துவிட்டு டி.வி. என்று எழுதினார்கள். டி.வி.யை அடித்துவிட்டு இப்போது செல்போன். அந்த அமிர்தமும் நஞ்சும் மட்டும் இடத்தைவிட்டு நகர்வதே இல்லை.

நஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. வாட்ஸ்அப்பைக் ‘கட்செவி அஞ்சல்’ என்று எழுதினீர்களே, அதற்கு உங்களுக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும். கண்ணால் பார்க்கலாம், செவியால் கேட்கலாம், ஆகவே கட்செவி என்று யாரோ கூட்டிச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டியவர் அகராதியை ஒருமுறை புரட்டியிருக்கலாம். கட்செவி என்றால் பாம்பு. பாம்புக்கு வெளியே காது தெரியாது. அதனால் கண்ணேதான் அதற்குக் காது என்று நம் முன்னோர் நினைத்தார்கள். கண்ணைச் செவியாக உடையது கட்செவி. (உண்மையில் அதற்கு உட்காது உண்டு. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக வாங்கிக்கொள்ளும். நாம்தான் கவனிக்கவில்லை.) ஆகவே, மன்னார்குடியாரே, நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது பாம்புத் தபாலின் நன்மை தீமைகள்.

இந்தச் சொல்லுக்காக நம் நெடுநாள் வாசகரான ஒரு புலவரோடு எனக்குப் பழைய தகராறு இருக்கிறது. நான் ‘வாட்ஸ்அப்’ என்று அச்சிடும்போதெல்லாம் அவரிடமிருந்து கண்டனக் கடிதம் வரும். ‘ஐயா, அது பாம்பு’ என்று பதில் எழுதினேன். ‘சொல் புதுப்பொருள் பெறும்’ என்றார். ‘பெறட்டும், ஆனால் கடிக்காமல் பெறட்டும்’ என்றேன். மூன்று வருஷமாக அவரிடமிருந்து கடிதமே இல்லை. கண்டனத்தை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறார். ஒவ்வொன்றும் ஏழு நிமிஷம்.

ஆனாலும் புலவருக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். தோற்றத்தைத் தேடிப் போனால் பாம்பில்தான் போய் நிற்கிறது.

புத்தகக் கணக்கு வேறு. பிள்ளையை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: 1997இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ வைன்ரைக் தொடங்கிய சிக்ஸ்டிகிரீஸ், 2002இல் ஃபிரெண்ட்ஸ்டர், 2003இல் மைஸ்பேஸ், 2004 ஜனவரியில் ஆர்குட், அடுத்த மாதம் 4ஆம் தேதி ஹார்வர்டு மாணவர் விடுதியிலிருந்து ஃபேஸ்புக். ஆர்குட் என்பது அதைச் செய்த துருக்கிப் பொறியாளரின் சொந்தப் பெயர். பிரேசில்காரர்களும் நாமும்தான் அதில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். ஒருவரையொருவர் புகழ்ந்து ‘டெஸ்டிமோனியல்’ எழுதிக்கொள்வோம். கல்யாணப் பந்தலில் வாசித்தளிக்கும் வாழ்த்து மடல் மாதிரி இருக்கும். 2014 செப்டம்பரில் கடையைச் சாத்திவிட்டார்கள்.

நான் கண்ணால் பார்த்த தோற்றம் எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பெரியம்மாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அனுப்பியவர் பெயர் கிடையாது, உங்களைப் போலவே. ஒரு கோயிலுக்குள் பாம்பு புகுந்ததாம். அர்ச்சகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனித உருவெடுத்துச் சில வார்த்தைகள் சொல்லி மறைந்ததாம். இதை 21 பேருக்கு எழுதிப் போட்டவருக்கு லாட்டரியில் ஒரு லட்சம் விழுந்ததாம், கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினாராம்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கார்டு 15 பைசா. 21 கார்டுக்கு 3 ரூபாய் 15 பைசா. பெரியம்மா சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணி வைத்தபோது, பாம்பின் மேல் இருந்த பக்தி பாதி குறைந்துவிட்டது. ஏழாவது கார்டில் எனக்கு விரல் வலித்தது, அர்ச்சகரை வெட்டினேன். பன்னிரண்டாவதில் ரத்தம் கக்கியவரை வெறும் காய்ச்சலோடு விட்டுவிட்டேன். பதினைந்தாவதில் அலுப்புத் தீர லாட்டரித் தொகையை ஐந்து லட்சமாக்கினேன். என் முதல் எடிட்டிங் வேலை அதுதான், முதல் பொய்ச் செய்தியும் அதுதான். அப்புறம் விலாசம் எழுதுவதில் சண்டை வந்தது. சம்பந்தி வீட்டுக்கு அனுப்பி, அவர்களுக்கு லாட்டரி விழுந்து தொலைத்தால்? கடைசியில் 19 கார்டுதான் தபால் பெட்டிக்குப் போனது. மிச்சம் இரண்டில் பெரியம்மா பால் கணக்கு எழுதினார்.

போன வருஷம் அதே பாம்பு எங்கள் குடும்ப குரூப்பில் மறுபடி வந்தது. லாட்டரித் தொகை என் ஐந்து லட்சம்தானா என்று ஆவலோடு பார்த்தேன். இல்லை, கோடியாகியிருந்தது. என் காலத்துக்குப் பிறகும் நல்ல எடிட்டர்கள் வந்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பை 2009இல் தொடங்கிய ஜான் கோம், பிரையன் ஆக்டன் இருவரும் யாஹூவில் வேலை பார்த்தவர்கள். ஆக்டன் அதே வருஷம் ஃபேஸ்புக்கில் வேலை கேட்டுப் போய், இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர். 2014இல் அதே ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு அவர்கள் கடையை விலை பேசியது. கோம் முதலில் நினைத்தது அரட்டைக்கான செயலியை அல்ல. போனில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஜிம்மில் இருக்கிறேன்’, ‘பேட்டரி தீரப்போகிறது’ என்று ஒரு வரி போட்டுக்கொள்ளத்தான். அதாவது ஸ்டேட்டஸ் வைக்க. என் மைத்துனி தினமும் காலை ஆறு மணிக்கு இட்லிக்கு ஸ்டேட்டஸ் வைப்பதைக் கேலி செய்துகொண்டிருந்தேன். நிறுவனரின் எண்ணத்தை அவர்தான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்.

கோமும் ஆக்டனும் சேர்ந்து பெரியம்மாவின் 3 ரூபாய் 15 பைசாவையும் என் விரல் வலியையும் ஒழித்துவிட்டார்கள். நீங்கள் இரண்டு பத்தியாகக் கேட்கும் நன்மையும் தீமையும் எனக்கு இந்த ஒன்றாகத்தான் தெரிகிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, முடிச்சூரில் எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, கைக்குழந்தைக்குப் பால் பவுடர் என்ற செய்தியை, முன்பின் தெரியாதவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படகு வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தபால் கார்டில் அது நடக்காது. அதே வாரம், அதே கைகள், மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் அனுப்பின. பண்ணைக்காரர்கள் ‘எல்லாம் இங்கேயே இருக்கின்றன’ என்று மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. தண்ணீரைவிட வேகமாக ஊர்வன போய்விட்டன.

முதலைக்குச் சிரிக்கலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்ததற்குச் சிரிக்க முடியாது. சென்னையிலிருந்து குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்கு வந்த, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாட்டம் என்று ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் கூடி அடித்தே கொன்றுவிட்டது. ஜூலையில் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் அதே வதந்தியால் ஐந்து பேர் செத்தார்கள்.

அதே ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020இல், பல கை மாறி வந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கினார்கள். கொஞ்சமாவது விரல் வலிக்கட்டும் என்று கம்பெனியே பெரியம்மாவிடம் திரும்பி வந்த கதை இது. மற்ற விஷயங்களில் அந்தக் கம்பெனிக்கு நான் நற்சான்றிதழ் கொடுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் கேள்வி நம் அலுவலக எண்ணுக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறது. குறைந்தது ஐந்து கை மாறி வந்தால்தான் அது விழும். பெயர் வேண்டாம் என்பதும் மன்னார்குடி என்பதும் அடுத்த மெசேஜில் தனியாக வந்தன. ஆக, கேள்வி உங்களுடையது இல்லை, பிள்ளையும் உங்களுடையதுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. யாருடைய பிள்ளையானாலும் சரி, திங்கட்கிழமைக்குள் இந்தப் பதிலை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒருவருக்கு.