‘சி’ அனுமதி இருக்கும்போது சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டுமா?

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுவிஸில் வாழ்கிறேன், ‘சி’ எனப்படும் காலவரையற்ற வதிவு அனுமதி கையில் இருக்கிறது, அதுவே போதும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள், வேலைக்காக வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் எண்ணமும் உண்டு, இந்த நிலையில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பியுங்கள், அதையும் வீடு மாறுவதற்கு முன்பே செய்யுங்கள். ‘சி போதும்’ என்ற பேச்சைக் கோயில் வாசலிலும் கலியாண வீடுகளிலும் பல ஆண்டுகள் கேட்டுச் சலித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘சி’ என்பது நிரந்தரம் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். முன்கூட்டியே அனுமதி பெறாமல் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அது இல்லாமல் போய்விடும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வாழ்ந்த ஒருவர் சமூக உதவிப் பணம் பெற்றார் என்பதற்காக அவருடைய ‘சி’யைப் பறிக்க முடியாது என்ற பாதுகாப்பு முன்பு இருந்தது; 2019 சனவரியிலிருந்து அதுவும் நீங்கிவிட்டது. போதிய அளவு ஒருங்கிணையவில்லை என்று அதிகாரிகள் கருதினால் ‘சி’யைத் திரும்ப, காலவரையறை உள்ள ‘பி’ அனுமதியாகத் தரம் இறக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஐம்பது வயதுக்கு மேல் நோய் வந்து வேலை போன ஒருவருடைய நிலையை நினைத்துப் பார்த்தால், ‘சி’யை நம்பி இருங்கள் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியவில்லை.

அடுத்ததாக உங்கள் பன்னிரண்டு ஆண்டுகளும் சட்டத்தின் கணக்கில் பன்னிரண்டுதானா என்று பாருங்கள். 2018 சனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், தேவையான வதிவுக் காலத்தைப் பன்னிரண்டு ஆண்டிலிருந்து பத்தாகக் குறைத்தது. ஆனால் ‘சி’ இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்று ஆக்கியது; தஞ்சம் கோரிக் காத்திருந்த ‘என்’ காலத்தை முழுவதுமாகக் கழித்துவிட்டது; தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்ட ‘எஃப்’ காலத்தில் பாதியை மட்டும் ஏற்கிறது. எட்டு வயது முதல் பதினெட்டு வயது வரை இங்கே வாழ்ந்த ஆண்டுகள் இரட்டிப்பாக எண்ணப்படும், ஆனால் உண்மையில் ஆறு ஆண்டுகளாவது வாழ்ந்திருக்க வேண்டும்.

நான் 2009இல் வந்தேன். என் தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு 2013இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். சம்பளத்திலிருந்து வரி நேரடியாகக் கழிக்கப்பட்டது. அதற்கு மேல் தஞ்சக் கோரிக்கையாளர்களுக்கென்று அப்போது இருந்த பத்து வீதச் சிறப்பு அறவீடும் கழிக்கப்பட்டது. அறவீடு எடுத்தபோது நான் இந்த நாட்டில் இருந்தேன். ஆண்டுகளை எண்ணும்போது மட்டும் நான் இருக்கவில்லை. தஞ்சம் கொடுத்த நாட்டிடம் கணக்குக் கேட்கலாமா என்று இதைப் படிக்கும் சிலர் கோபிப்பார்கள். எனக்கும் என் குடும்பத்துக்கும் உயிர்ப் பாதுகாப்புத் தந்த நாடு இது, அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. முடிவெடுக்க அதிகாரிகள் எடுத்துக்கொண்ட காலத்தை என் தலையில் எழுதுவது நியாயமில்லை என்று சொல்வதால் அந்த நன்றி குறைந்துவிடாது.

மொழிக்கு, ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின்படி பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 என்பது நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச வரம்பு; துர்காவ் போன்ற சில மாநிலங்கள் அதற்கு மேலும் கேட்கின்றன. சமூக உதவி பெற்றவர் என்றால் கடந்த மூன்று ஆண்டுகளில் பெற்றிருக்கக் கூடாது, அல்லது பெற்றதைத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். பேர்ண், ஆர்காவ் மாநிலங்களில் இந்த மூன்று பத்தாகிறது. கடன் அறவீட்டுப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பருக்காகக் கையெழுத்திட்டு, அவர் கட்டாத தவணைக்குத் தம் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறியதால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்களை எனக்குத் தெரியும்.

இவை எல்லாம் தாளில் நிரூபிக்கக்கூடியவை என்பதால் கடினமில்லை. கடினமானது ஊராட்சியின் நேர்காணல். இந்த நாட்டில் நடுவண் அரசு, மாநிலம், ஊராட்சி என்ற மூன்றும் சம்மதித்தால்தான் ஒருவர் குடிமகன் ஆகிறார். அதில் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது ஊராட்சிதான். நான் வாழ்வது நடுச் சுவிஸில் ஒரு சிறிய கிராமம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஊராட்சி மண்டபத்தின் மேல்மாடியில் ஐந்து பேர் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். எதிரே நானும் மனைவியும் பதினான்கு வயது மகளும். ஏழு நடுவண் அமைச்சர்களின் பெயர்களையும், அரசியலமைப்பைத் திருத்தக் கோரும் மக்கள் முன்மொழிவுக்குப் பதினெட்டு மாதத்தில் ஒரு லட்சம் கையெழுத்து வேண்டும் என்பதையும் சொன்னேன். பழைய அட்டைப்பெட்டிகளை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். பிறகு ஒருவர், ஊரில் எந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் முதியோர் இல்லம் ஒன்றில் சமையற்காரன். சனி, ஞாயிறும் வேலை முறை வரும் என்றேன். ஓய்வு கிடைக்கும் சனிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்றார். மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிச் செல்வேன் என்றேன். அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். அந்த ஊரின் பேச்சு வழக்கில், அவர்களைவிடவும் இயல்பாக, என் மகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சில வாரங்களில் கடிதம் வந்தது. உள்ளூர் வாழ்வில் பங்கேற்பு போதாது என்று விண்ணப்பத்தை ஓராண்டு ஒத்திவைத்திருந்தார்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த கிழவர்களுக்கு யாருக்கு உப்புக் கூடாது, யாருக்கு இறைச்சியை அரைத்துக் கொடுக்க வேண்டும் என்று பெயர் பெயராக அறிந்தவன் நான். அது பங்கேற்பு இல்லையென்றால் வேறு எது பங்கேற்பு?

இந்த இடத்தில்தான் உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி இருக்கிறது: பேசாமல் ஓராண்டு காத்திருக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு லுசேர்ன் மாநிலத்தின் எம்மன் ஊராட்சியில் விண்ணப்பதாரர்களை வாக்குப் பெட்டிக்கு விட்டார்கள். இத்தாலியர்கள் மட்டும் தேறினார்கள், பெரும்பாலும் முன்னாள் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த மற்றவர்கள் தோற்றார்கள். அதன் பிறகு 2003 சூலையில் நடுவண் நீதிமன்றம், காரணம் சொல்லாமல் நிராகரிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஷ்வீட்ஸ் என்ற மாநிலத்தின் ஆர்த் ஊராட்சியில் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்த இத்தாலியர் ஒருவரை, கோல்டாவ் விலங்குப் பூங்காவில் கரடிகளும் ஓநாய்களும் ஒரே அடைப்பில் வாழ்வது தெரியாதது உள்ளிட்ட குறைகளைச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். 2020 தொடக்கத்தில் வெளியான தீர்ப்பில், ஒரு குறையைத் தனியே பெரிதாக்காமல் மனிதரை முழுமையாக எடைபோட வேண்டும் என்று சொன்ன அதே நீதிமன்றம், அவருக்குக் குடியுரிமை வழங்கும்படி ஊராட்சிக்கு உத்தரவிட்டது.

ஓர் ஆலோசனை நிலையத்தில் இருந்த இளம் சட்டத்தரணி இந்தத் தீர்ப்பை எனக்குக் காட்டினார். அதைக் குறிப்பிட்டு, ஒத்திவைத்த காரணங்களை விரிவாக எழுத்தில் கேட்டு, முதியோர் இல்லப் பொறுப்பாளரின் கடிதத்தையும் மகளின் வகுப்பாசிரியரின் கடிதத்தையும் இணைத்து அனுப்பினோம். ஆண்டு முடியும் முன்பே மீண்டும் அழைத்தார்கள். இரண்டாவது நேர்காணல் கால் மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் ஊரில் இறுதி முடிவு ஊர்ச்சபையில் கையுயர்த்தி எடுக்கப்படுவது. வாக்கெடுப்பின்போது விண்ணப்பதாரர்கள் வெளியே நிற்க வேண்டும். எதிர்ப்பவர் எழுந்து காரணம் சொல்லி முன்மொழிந்தால்தான் நிராகரிக்க முடியும் என்று இப்போது சட்டம் இருக்கிறது, யாரும் எழவில்லை. ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். ஏற்கெனவே குடியுரிமை பெற்ற நம்மவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கையுயர்த்த அன்று சபைக்கு வரவில்லை. இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கல் நாட்டுப் பெண்ணின் கணவர் வந்திருந்தார்.

எல்லா ஊரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பெரிய நகரங்களில் பெரும்பாலும் அலுவலகத்திலேயே முடிந்துவிடும். கட்டணமும் இடத்துக்கு இடம் மிகவும் மாறுபடும். சுவிஸ் 1992 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஆனால் நீங்கள் இலங்கைக் குடிமகனாக இருந்தால் சுவிஸ் குடியுரிமை கிடைத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். வேண்டுமானால் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். என்னைப்போல் அகதிப் பயண ஆவணத்தோடு இருந்தவர்களுக்கு அந்த ஆவணத்தில் எல்லா நாடும் உண்டு, சொந்த நாடு மட்டும் இல்லை. வல்வெட்டித்துறையில் இருக்கும் என் தாயைப் போய்ப் பார்க்கச் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு ஒன்றுதான் வழியாக இருந்தது.

வீடு மாறும் எண்ணத்தைப் பற்றி: மாநிலங்கள் தத்தம் எல்லைக்குள் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வதிவைக் கேட்கின்றன, மாறினால் அந்தக் கணக்குப் புதிதாகத் தொடங்கும். இப்போது இருக்கும் மாநிலமும் ஊராட்சியும் தங்கள் பரிசீலனையை முடித்துவிட்ட பிறகு நீங்கள் வெளியேறினால் விண்ணப்பம் அங்கேயே தொடரும். ஆகவே ஊராட்சி அலுவலகத்தில் இந்த வாரமே விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பரிசீலனை முடிந்தது என்ற கடிதம் கைக்கு வந்த பிறகு புதிய வீட்டுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.