யூனிவேகா பிரேமைக் கட்டியது யார்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே பழைய யூனிவேகா சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘ஜப்பான் மியாட்டா ஃபேக்டரியில் கட்டியது, சீரியல் நம்பரே எம்மில்தான் ஆரம்பிக்கிறது, டாங்கே ஸ்டிக்கர் வேறு இருக்கிறது’ என்று விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். காட்டுகிற காரணம்தான் தப்பு.

யூனிவேகா என்பது கலிபோர்னியா இறக்குமதியாளர் பென் லாவியின் பிராண்டு. அதற்குப் பெரும்பாலும் பிரேம் கட்டிக் கொடுத்தது மியாட்டாதான். கவாமுரா என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனி கட்டியது நிஷிகி என்ற பெயரில் வந்ததும் இதே கதை. ஆனால் அந்த ‘எம்’ மியாட்டாவைக் குறிப்பதல்ல. அது கட்டிய வருடத்தின் குறி. 1972க்கு ‘ஏ’ என்று தொடங்கி வரிசையாகப் போகும். ‘எல்’ என்றால் 1983, ‘எம்’ என்றால் 1984. டாங்கே, குழாய் செய்த கம்பெனி. பின்சக்கரம் மாட்டும் இடத்தில் சன்டூர், ஷிமானோ என்று பொறித்திருந்தாலும் அது அந்தத் துண்டைச் செய்தவர் பெயர்தான்.

சீரியல் நம்பரைப் படிக்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடல் அச்சு ஓடும் குழலின் அடியைப் பாருங்கள். மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷால் கிரீஸ் அழுக்கை எடுங்கள். எண் பெயிண்டில் மூழ்கியிருந்தால் சுரண்ட வேண்டாம். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவாட்டில் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும்.

வருடத்தை ஷிமானோ பாகங்களில் சரிபாருங்கள். கிராங்க் கையின் (பெடல் மாட்டியிருக்கும் தண்டின்) உட்புறம் இரண்டு சின்ன எழுத்து இருக்கும். முதலாவது வருடம் (1976க்கு ‘ஏ’), அடுத்தது மாதம். ‘ஐ, சி’ என்றால் 1984 மார்ச். பாகம் பிரேமைவிடச் சில மாதம் மூத்ததாக இருப்பது சகஜம். நாலைந்து வருடம் இளையதென்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

கூடுதல் விலைக்கு மியாட்டா பெயர் மட்டும் போதாது. அதே ஃபேக்டரி மலிவுக் குழாயிலும் கட்டியது. சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் குழாயை) கழற்றி விட்டத்தைப் பாருங்கள். 27.2 மி.மீ. என்றால் பொதுவாக மெல்லிய குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய், 26 மி.மீ. பக்கம் என்றால் தடித்த, கனமான குழாய். போஸ்ட் அசையவே மறுத்தால், அலுமினியமும் இரும்பும் அரித்து உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டன. அதை எடுக்கிற கூலி சில சமயம் பிரேம் விலையையே தாண்டும். அப்படிப்பட்டதை யார் கட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.