கைக்கு அடக்கமான டிஎஸ்எல்ஆர் எது?

கேள்வி: நான் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். கோயில் சிற்பங்களை நானே படமெடுத்து மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். தோள்வலி இருப்பதால் கனமான கேமராவைச் சுமக்க இயலாது. கேனான் 200டி மார்க் 2, நிக்கான் டி3500 ஆகிய இரண்டையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து கேனானின் எடை 449 கிராம், நிக்கானின் எடை 415 கிராம். இந்த 34 கிராம் வேறுபாட்டை உங்கள் தோள் உணரப் போவதில்லை. ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் இரண்டிலும் ஏபிஎஸ்-சி எனப்படும் அளவுதான். இரண்டும் 24 மெகாபிக்சல்தான். வகுப்பறைத் திரையில் காட்டும்போது எது எந்தக் கேமராவில் எடுத்த படம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எடையையும் மெகாபிக்சலையும் ஒதுக்கிவிட்டு, நீங்கள் செய்யவிருக்கும் வேலைக்கு எது ஒத்துழைக்கும் என்று பார்ப்பதே முறை. அப்படிப் பார்த்தால், உங்களுக்கு கேனானைத்தான் சொல்வேன்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. நின்றபடி மேலிருந்து எடுத்தால் சிற்பத்தின் தலை பெருத்தும் கால்கள் குறுகியும் விழும். உருவம் உள்ளபடி பதிய வேண்டுமானால் லென்ஸ் சிற்பத்தின் உயரத்துக்கே இறங்கி, அதற்கு நேராக நிற்க வேண்டும். 200டி மார்க் 2-இன் திரையைப் பக்கவாட்டில் திறந்து மேல்நோக்கித் திருப்பிக்கொள்ளலாம் என்பதால், கேமராவை மட்டும் தாழ்த்திப் பிடித்து, மேலிருந்தே திரையைப் பார்த்து, சிற்பத்தின் முகத்தை விரலால் தொட்டு ஃபோகஸ் செய்துவிடலாம். டி3500-இன் திரை அசையாதது, தொடுதிரையும் அல்ல. திரையைப் பார்த்துப் படமெடுக்கையில் அதன் ஃபோகஸும் மெதுவாகவே நடக்கும். நாள் முழுவதும் மண்டியிட்டு எழுவது தோளைவிட முழங்காலுக்குத்தான் பெரிய சோதனை.

நிக்கானுக்கும் சிறப்புகள் உண்டு. ஒருமுறை சார்ஜ் செய்தால் 1550 படங்கள் வரை எடுக்கலாம் என்பது அதற்கான சோதனை அளவு. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது கேனானுக்கு அது 1070. பிடிமானமும் ஆழமானது. பறவைகளையோ விளையாட்டையோ வியூஃபைண்டரில் கண் வைத்து எடுக்கப்போகிறவர் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கக்கூடும்.

இனி லென்ஸ். பணத்தை இங்கேதான் யோசித்துச் செலவிட வேண்டும். கேமராவுடன் வரும் 18-55 லென்ஸ் வெயிலில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 55 மி.மீ.யில் ஒளி நுழையும் அதன் துவாரம் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது). தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் முன் அனுமதி இல்லாமல் முக்காலி வைக்க இயலாது. எனவே மண்டபத்தின் அரையிருளில் கையில் பிடித்தே எடுக்க வேண்டியிருக்கும். கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸை எஃப்/2-இல் வைத்தால் எஃப்/5.6-ஐவிட எட்டு மடங்கு ஒளி உள்ளே வரும், ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு அளவை 3200-இல் வைத்துப் புள்ளி புள்ளியாக எடுக்க வேண்டிய படத்தை 400-லேயே துல்லியமாக எடுத்துவிடலாம். அதன் எடை ஏறத்தாழ 160 கிராம்தான். இடம் குறுகலான பிரகாரங்களுக்கு 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் என்ற தட்டையான லென்ஸ் உண்டு, 125 கிராம். அதை மாட்டினால் மொத்தச் சுமை 600 கிராமைத் தாண்டாது. பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றை மாட்டிவிட்டால் சிறிய கேமரா வாங்கிய பயனே போய்விடும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 200டி மார்க் 2-இன் மேலுள்ள ஃப்ளாஷ் பொருத்தியில் நடு மின்முனை கிடையாது. அதை மட்டுமே நம்பி இயங்கும் பிற நிறுவன ஃப்ளாஷ்கள் அதில் எரியாது. உங்களுக்கு இது இழப்பல்ல. நேர் எதிரே இருந்து அடிக்கும் ஃப்ளாஷ், சிற்பத்தின் நிழல்களை அழித்து அதைத் தட்டையாக்கிவிடும். காலையிலும் மாலையிலும் சுவரை ஒட்டிச் சாய்வாக வரும் வெயிலில் எடுங்கள். உளி பட்ட இடமெல்லாம் தெரியும்.

கேள்வி: பழைய டி3500 ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதித்து வாங்க வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் பழையது தேடுவதில் தவறில்லை. உங்கள் மெமரி கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து வாருங்கள்; அதுவரை ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கை அந்தக் கோப்பிலேயே பதிந்திருக்கும். கணினியில் அதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள்கள் உள்ளன.

கடலோர ஊர்களில் ஷட்டரைவிட லென்ஸுக்குள் படரும் பூஞ்சைக்கே நான் அதிகம் அஞ்சுவேன். லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் அடித்து, முன்புறமிருந்து சற்றுச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலையின் நூல்போல மெல்லிய இழைகள் தெரிந்தால் வாங்காதீர்கள். வெறும் தூசி சில துகள்கள் இருப்பது படத்தைக் கெடுக்காது. அடுத்து, துவாரத்தை எஃப்/16-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சாரில் உள்ள அழுக்கு கரும்புள்ளிகளாகத் தெரியும்; அதைச் சுத்தம் செய்ய முடியும்.

விற்பவர் பழைய லென்ஸ் எதையாவது சேர்த்துத் தருவதாகச் சொன்னால், அதில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதன் அடையாளம் அது. டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், 50 மி.மீ. எஃப்/1.8டி போன்ற பழைய லென்ஸ்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: இனி டிஎஸ்எல்ஆர் வாங்குவது வீண், மிரர்லெஸ் வாங்கு என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

பதில்: வீண் அல்ல. டிஎஸ்எல்ஆருக்குள் வியூஃபைண்டருக்கு ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி உண்டு, மிரர்லெஸில் அது இல்லை. ஆனால் கேனானும் நிக்கானும் இப்போது புதிய லென்ஸ்களை மிரர்லெஸ் வரிசைக்கே வடிவமைக்கின்றன. பல ஆண்டுகளுக்கு லென்ஸ் சேர்க்கும் எண்ணம் இருந்தால் 375 கிராம் எடையுள்ள கேனான் ஆர்50 போன்றதில் தொடங்கலாம். ஓரிரு லென்ஸ்களோடு நிறுத்திக்கொள்பவருக்கு, குறைந்த விலையில் கிடைக்கும் டிஎஸ்எல்ஆரே போதும். கேனானின் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களான இஎஃப் வகையைப் பின்னாளில் அடாப்டர் மூலம் அதன் மிரர்லெஸ் ஆர் வரிசைக் கேமராக்களில் மாட்டினாலும் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யும் என்பதால், லென்ஸுக்குப் போட்ட பணம் கைவிட்டுப் போகாது.