வாசகர் கேள்வி - பதில்: ஸ்காட்லாந்தில் ஒரு விஸ்கிப் பகல்

எடின்பரோவில் தங்குகிறோம். ஒரே நாளில் நான்கு டிஸ்டில்லரி (விஸ்கி வடிக்கும் ஆலை), கூடவே லாக் நெஸ் ஏரி என்று ஒரு வேன் டூர் விளம்பரம் பார்த்தோம். சேரலாமா?

வேண்டாம். ஜன்னல் வழியே ஸ்காட்லாந்தைப் பார்த்துவிட்டு இடுப்பு வலியோடு வருவீர்கள். டிஸ்டில்லரிகள் நெருங்கிக் கிடக்கும் ஸ்பேசைடு பகுதிக்குப் போய்ச் சேரவே எடின்பரோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுதான் வேண்டுமென்றால் ஒரு ராத்திரி இன்வெர்னெஸில் தங்கி, அங்கிருந்து கிளம்புங்கள். விஸ்கிக்குப் பேர்போன ஐலா தீவையும் மறந்துவிடுங்கள். ஃபெர்ரியிலேயே சுமார் இரண்டு மணி நேரம் போய்விடும்.

எடின்பரோவிலிருந்து ஒரு பகலுக்கு இரண்டு டிஸ்டில்லரி தாராளம்: டீன்ஸ்டன், கிளென்டரட். டீன்ஸ்டன் ஒரு காலத்தில் பருத்தி ஆலை. 1960களில்தான் விஸ்கிக்கு மாறியது. டீத் ஆற்றுத் தண்ணீரில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. கிரீஃப் ஊருக்குப் பக்கத்திலுள்ள கிளென்டரட்டில் டவுசர் என்ற பூனைக்குச் சிலை இருக்கிறது. பிடித்த எலிகள் 28,899 என்று கின்னஸ் கணக்கு. யார் உட்கார்ந்து எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள்.

பதிவு செய்யும்போது ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அன்றைக்கு உற்பத்தி ஓடுகிறதா? கோடையில் பராமரிப்புக்காகச் சில வாரம் நிறுத்துவார்கள். டூர் அப்போதும் நடக்கும், ஆனால் எல்லாம் ஆறிக் கிடக்கும்.

நான் குடிப்பதில்லை, கணவருக்காகத்தான் போகிறேன். நாள் முழுக்கக் குழாயையும் பீப்பாயையும் பார்த்தால் அலுத்துப்போகாதா?

நானும் குடிக்காதவள்தான். இந்த டூரில் மூக்குக்குத்தான் வேலை அதிகம். அது உங்களிடம் இருக்கிறதல்லவா?

முளைகட்டிய பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைக்கும் கூடத்தில் இனிப்பான கஞ்சி வாசம். அடுத்தது ஆளுயரத்தைத் தாண்டிய மரத்தொட்டிகள். ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று நாள் நொதித்தால் சுமார் எட்டு சதவீத ஆல்கஹால் உள்ள, பீர் மாதிரியான திரவம் கிடைக்கும். வழிகாட்டி மூடியைத் திறந்து "முகர்ந்து பாருங்கள்" என்பார். தலையை உள்ளே விடாதீர்கள், கார்பன் டை ஆக்சைடு சுருக்கென்று மூக்கில் ஏறும். சற்றுத் தள்ளி நின்றால் பழுத்த வாழைப்பழ மணம் வரும்.

பிறகு செம்புக் கொதிகலன்கள். பெரும்பாலும் இரண்டு முறை வடிப்பார்கள். கந்தக நெடியைச் செம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். கழுத்து நீளமாக இருந்தால் மென்மையான சரக்கு இறங்கும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்தில் இருக்கும் பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டி. வடிந்து வருவது அதற்குள்தான் ஓடும். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் மறுபடி வடிக்க அனுப்பிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு எடுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் பெட்டிக்குப் பூட்டு உண்டு. வரி அதிகாரி கையில் சாவி இருந்த காலத்து ஏற்பாடு. வடிப்பவர் தொட முடியாது, ருசி பார்க்க முடியாது. கைப்பிடியைத் திருப்பித் திருப்பி, அளவுமானியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வரிக்குப் பயந்து மலைகளில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்கள் ஏராளம். 1823இல் சட்டம் தளர்ந்ததும், மறு வருஷமே கிளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் வாங்கினார். கள்ளச் சரக்குக்கார அண்டை வீட்டார் கொளுத்திவிடுவோம் என்று மிரட்ட, மனிதர் இடுப்பில் கைத்துப்பாக்கிகளோடு நடமாடினாராம்.

கிடங்குக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் இருந்தால்தான் ஸ்காட்ச் என்று சொல்லச் சட்டம் அனுமதிக்கும். வருஷத்துக்குச் சுமார் இரண்டு சதவீதம் காற்றோடு போகிறது. 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். அந்தக் காற்றை முகர்வதற்காகவே நான் இன்னொரு தடவை போவேன்.

வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டலாமா? கொஞ்சமாகத்தானே ருசி பார்க்கப்போகிறேன்?

ஓட்டுவதென்றால் ஒரு சொட்டும் கூடாது. இங்கிலாந்தில் 100 மில்லி இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் வரம்பு. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 50 ஆகக் குறைத்துவிட்டது. பல டிஸ்டில்லரிகளில் ஓட்டுநர் பங்கைக் குட்டிப் புட்டியில் ஊற்றித் தருவார்கள். ராத்திரி அறையில் குடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கலந்தால் கேலி செய்வார்களா?

மாட்டார்கள். மேஜைமேலேயே ஜாடி வைத்திருப்பார்கள். முதலில் அப்படியே முகருங்கள், பிறகு சில சொட்டு விட்டு முகருங்கள். விஸ்கிக் கலவை நிபுணர்களே ஆல்கஹால் சுமார் இருபது சதவீதமாகக் குறையும்வரை நீர்க்கச் செய்துதான் முகர்கிறார்கள்.