தைராய்டு குறைவு: காசு கட்டி ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கவா?

வாசகர் கேள்வி, மருத்துவப் பகுதியின் பதில்

கேள்வி: எனக்கு 44 வயது, எடை 68 கிலோ. ஆறு வருஷமாகத் தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் லெவோதைராக்ஸின் குளிசை போடுகிறேன். ஆனாலும் ஒரே களைப்பு, முடி கொட்டுது, காலையில் எழும்ப ஏலாமல் கிடக்கு. ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) போனால் "ரிசல்ட் நார்மல்" என்று அனுப்பிவிடுகிறார். பிரைவேட்டில் எண்டோகிரைனாலஜிஸ்ட்டை (ஹார்மோன் நிபுணரை) பார்க்கச் சொல்லித் தங்கச்சி நிற்கிறாள். போகவா?
– வாசகி, ஹாரோ

பதில்: போகலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம். உங்கள் கடிதத்தில் ரத்தப் பரிசோதனை எண் ஒன்றுகூட இல்லை. அது இல்லாமல் போனால், முதல் சந்திப்பில் ஸ்பெஷலிஸ்ட்டும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித்தான் அனுப்புவார். அதற்கு இருநூறு பவுண்டுக்கு மேல் கொடுப்பது வீண்.

என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) ஆப்பில் உங்கள் பரிசோதனை முடிவுகள் இருக்கும். இல்லாவிட்டால் ஜி.பி. கிளினிக் வரவேற்பில் பிரதி கேளுங்கள், தருவார்கள். கடைசி மூன்று டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அளவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். டி.எஸ்.எச்.சுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு என்று ஆய்வகம் போடும். அந்தக் கணக்கில் 3.8-ம் நார்மல், 1.2-ம் நார்மல். மாத்திரை போட்டும் களைப்பாக இருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019-ல் வெளியிட்டதே, அறிகுறி தொடர்ந்தால் அளவை மேலும் சரிசெய்து பார்க்கலாம், டி.எஸ்.எச். அடிமட்டத்துக்கு இறங்கும்படி மட்டும் கொடுக்கக் கூடாது என்கிறது. இதைச் செய்ய ஜி.பி.க்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். உதாரணமாக, "டி.எஸ்.எச். 3.8, அறிகுறி இருக்கிறது, 25 கூட்டிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். 65 வயதுக்குக் கீழே, இதய நோய் இல்லாதவருக்குத் தொடக்க அளவு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். உங்கள் எடைக்கு அது 109 வருகிறது, நடைமுறையில் 100. சுரப்பியில் கொஞ்சம் வேலை மிச்சமிருந்தால் 75-ம் போதும். அதனால் இந்தக் கணக்கு கேள்வி கேட்கத்தான் உதவும், நீங்களாகக் கூட்டிக்கொள்ள அல்ல.

அதற்கு முன் மாத்திரை உடம்பில் சேருகிறதா என்று பாருங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்கி, சாப்பாட்டுக்கும் காபி, டீக்கும் அரைமணி நேரமாவது விட வேண்டும். நம் வீடுகளில் இங்குதான் பிசகும்: ஒரு கையில் மாத்திரை, மறு கையில் பால்தேநீர். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போடுபவர்களுக்கும் உறிஞ்சுதல் குறையலாம். காலை ஒத்துவராவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். எதைத் தேர்ந்தாலும் மாறிமாறிச் செய்யாதீர்கள்.

முடி கொட்டுகிறது என்கிறீர்கள். அதற்காக பயோட்டின் (முடிக்கென்று விற்கும் வைட்டமின்) மாத்திரை ஏதும் போடுகிறீர்களா? பயோட்டின் அளவு கூடினால் பல ஆய்வகங்களின் கருவிகளில் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், டி4 கூடுதலாகவும் விழும். கூட்டவேண்டிய ஆளுக்கு "நார்மல்" என்று வந்து நிற்பதற்கு இதுவே காரணமாகலாம். பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்துங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். ரத்தத்தை எப்போதும் காலையில், அன்றைய தைராய்டு மாத்திரைக்கு முன்னால் கொடுங்கள். டி4 நன்றாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் ஏறியிருந்தால், பல நாள் விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டிருக்கிறீர்களோ என்று மருத்துவர் சந்தேகிப்பார். 

அளவை மாற்றினால் ஆறு வாரத்துக்கு முன் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை. இந்த மருந்தின் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டி.எஸ்.எச். அதைவிட மெதுவாக நகரும். நிலைப்படும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷம் ஒரு தடவை போதும்.

அதே ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, சர்க்கரை, சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) ஆன்டிபாடி ஆகியவற்றையும் கேளுங்கள். தைராய்டைத் தாக்கும் அதே எதிர்ப்புசக்திக் கோளாறு சிலருக்கு பி12 உறிஞ்சுதலையும் குடலையும் கெடுக்கும். சைவச் சாப்பாடு என்றால் பி12 குறைவுக்கு அது வேறு ஒரு காரணம். 44 வயதில் மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கியிருந்தாலும், இரவில் பலமாகக் குறட்டை விட்டாலும் களைப்புக்குத் தைராய்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இவ்வளவும் பார்த்து, டி.எஸ்.எச். 1, 2 என்று சில மாதம் நிலையாக நின்றும் களைப்பு போகவில்லை என்றால் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அப்போதும் முதலில் ஜி.பி.யை, மருத்துவமனை நிபுணரிடம் கணினி வழியே ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள். அந்த வசதி இருக்கிறது, செலவும் இல்லை. பிரைவேட்டில் போவதென்றால் மருத்துவர்களைப் பதிவுசெய்யும் ஜி.எம்.சி. அமைப்பின் இணையப் பதிவில் அவர் பெயரைத் தேடி, ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் எண்டோகிரைனாலஜி என்று இருக்கிறதா பாருங்கள். "ஹார்மோன் கிளினிக்" என்ற பலகை தகுதி ஆகாது. என்.எச்.எஸ்.சிலும் வேலை செய்பவராக இருந்தால் நல்லது, உங்கள் ஜி.பி. எதைத் தொடர்ந்து எழுதுவார், எதை எழுதமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை கட்டணத்தில் சேர்த்தியா, ஜி.பி.க்குக் கடிதம் போவதா என்று முன்பதிவிலேயே கேளுங்கள். இன்சூரன்சை நம்பி இறங்காதீர்கள். நீண்டகால நோய்க்குப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை.

கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், டி.எஸ்.எச்.சும் டி4-ம் இரண்டுமே குறைந்திருப்பவர்கள் (கோளாறு மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கலாம்), இதய நோயாளிகள், அமியோடரோன் (இதயத் துடிப்பு மருந்து) அல்லது லித்தியம் (மனநல மருந்து) போடுபவர்கள் இப்படிக் காத்திருக்க வேண்டாம். ஜி.பி.யிடம் உடனே நிபுணரின் கருத்தைக் கேட்கச் சொல்லுங்கள். கழுத்தில் கட்டி வளர்ந்தால் அது அவசரப் பரிந்துரை. அதற்கும் காசு கட்டத் தேவையில்லை.

கேள்வி: பிரைவேட் டாக்டர் எனக்கு டி3 எழுதினார். உடம்பு தேறியிருக்கிறது. தொடர்ந்து எழுதித்தர ஜி.பி. மறுக்கிறார். அவர் செய்வது சரியா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: சரி. பிரைவேட்டில் தொடங்கிய மருந்தைத் தொடர ஜி.பி.க்குக் கட்டாயம் இல்லை. டி3 (இன்னொரு தைராய்டு ஹார்மோன்) எனும் லையோதைரோனினை என்.எச்.எஸ். ஆலோசக எண்டோகிரைனாலஜிஸ்ட் தொடங்கி, குறைந்தது மூன்று மாதம் தன் கண்காணிப்பில் வைத்துப் பார்த்த பிறகே ஜி.பி. பொறுப்பேற்கலாம் என்பது நடைமுறை. பயனை உறுதிப்படுத்தும் ஆய்வுகள் போதவில்லை. அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். விலையும் ஒரு காரணமாக இருந்தது: என்.எச்.எஸ். 2009-ல் ஒரு பெட்டிக்கு 20 பவுண்டு கொடுத்தது, 2017-ல் 248 பவுண்டு. விலையேற்றிய தரப்புக்கு 2021-ல் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது. உங்கள் டாக்டரின் கடிதத்தோடு என்.எச்.எஸ். ஆலோசகருக்குப் பரிந்துரை கேளுங்கள். அதுவரை திடீரென்று நிறுத்தாமல், எழுதிய டாக்டரிடமே தொடருங்கள். தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுபவர்களுக்கு எஃப்.பி.92ஏ எனும் மருத்துவ விலக்குப் படிவத்தின் மூலம் இங்கிலாந்தில் எல்லா என்.எச்.எஸ். மருந்துச்சீட்டும் இலவசம், ஆனால் பிரைவேட் சீட்டுக்கு அது செல்லாது. பன்றித் தைராய்டிலிருந்து செய்யும் மாத்திரைக்கு இங்கு உரிமமும் இல்லை, நைஸ் பரிந்துரையும் இல்லை.

கேள்வி: கோடை விடுமுறைக்குச் சென்னை போகிறோம். அங்கே ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்தால் செலவு குறைவுதானே?
– வாசகி, லெஸ்டர்

பதில்: குறைவுதான். அளவை மாற்றினால் ஆறு வாரப் பரிசோதனைக்கு நீங்கள் லெஸ்டரில் இருப்பீர்கள் என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். போன கையோடு பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பும் வாரத்தில் அல்ல. அங்கே டி4 நானோகிராமில் வரும். 12.9-ஆல் பெருக்கினால் இங்குள்ள பிகோமோல் கணக்கு கிடைக்கும், அதாவது 1.2 என்பது ஏறக்குறைய 15. டி.எஸ்.எச். இரண்டிடத்திலும் ஒரே எண். 88 மைக்ரோகிராம் மாத்திரை அங்கே எளிதில் கிடைக்கும், இங்குள்ள மருந்துக்கடையில் வழக்கமாக இருப்பவை 25, 50, 100. அவற்றால் கூட்டி வரும் அளவாக எழுதித்தரச் சொல்லுங்கள்.